கொட்டாரமும் கிட்டங்கியும்

விளைந்ததைச் சேர்த்து வைக்கும் இடத்துக்குத் தமிழில் பெயர்கள் பல. வீட்டு மூலையில் மண்ணால் வனைந்து நிறுத்தியது குதிர். கரிசல் ஊர்களில் அதுவே குலுக்கை. மரப்பலகையால் செய்தது பத்தாயம். கோயிலும் அரசும் செங்கல்லால் எழுப்பியது களஞ்சியம். வைணவக் கோயில்களில் அதைக் கொட்டாரம் என்று அழைக்கும் வழக்கமும் உண்டு. குமரி மாவட்டத்திலோ கொட்டாரம் என்றால் அரண்மனை. வணிகன் சரக்குக்காகக் கட்டியது கிட்டங்கி. கிடங்கு, கிட்டங்கி, மலாய் மொழியின் குடாங், ஆங்கிலத்தின் கோடவுன் எல்லாம் ஒரே குடும்பத்துச் சொற்கள். எது எதிலிருந்து பிறந்தது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சங்க இலக்கியத்தில் கிடங்கு என்பது கோட்டையைச் சுற்றிய அகழி. பள்ளத்தைக் குறித்த சொல் பிற்காலத்தில் நான்கு சுவருக்குள் வந்துவிட்டது.

தூத்துக்குடியில் தொடங்கிப் பொருநை எனும் தாமிரபரணி ஆற்றை ஒட்டி மேற்கே ஏறி, பின் வடக்கே காவிரிப் படுகைவரை நீளும் பாதையில் இவை எல்லாவற்றின் தடமும் கிடைக்கிறது. உழவு சார்ந்த பழைய செங்கல் களஞ்சியம் முழு உருவோடு நிற்பது அந்தப் பாதையின் கடைசியில். அது கடலோரத்தில் ஏன் நிற்கவில்லை என்பதற்கான விடை பாதையின் தொடக்கத்திலேயே இருக்கிறது.

தூத்துக்குடியை நெருங்கும்போது முதலில் தெரிவது உப்பு அம்பாரம். பாத்திகளிலிருந்து வாரிய உப்பு வரப்போரத்தில் வெள்ளைக் குன்றுகளாகக் குவிந்திருக்கும்; மழைக்காலம் நெருங்கினால் அதன்மேல் பனையோலை வேய்ந்து விடுவார்கள். உப்புக்குச் சுவர் வேண்டாம், மேல்மூடி போதும். வடகிழக்குப் பருவமழையின் சில வாரங்களைத் தவிர்த்தால் வானம் வெளுத்தே கிடக்கும் இந்தக் கரையில் அதுவே போதுமான களஞ்சியம். நெல், பஞ்சு, மிளகாய் வற்றல் போன்றவற்றுக்கு அது போதாது. அவற்றுக்கு ஓதமும் எலியும் நெருப்பும் தனித்தனிப் பகைகள்.

நகரின் கிட்டங்கிகளைப் புரிந்துகொள்ள முதலில் கடலைப் பார்க்க வேண்டும். தூத்துக்குடிக் கரைக் கடல் ஆழமற்றது. புதிய துறைமுகம் 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்படுவதற்கு முந்தைய காலம் முழுவதும் பெரிய கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தள்ளியே நங்கூரமிட்டன. சரக்கு தோணியில் ஏறிக் கப்பலுக்குப் போனது. கப்பலிலிருந்து தோணியில் இறங்கிக் கரைக்கு வந்தது. கப்பல் வரும் நாள் ஒன்று, காற்று ஒத்துழைக்கும் நாள் இன்னொன்று, மாட்டு வண்டி உள்நாட்டிலிருந்து வந்து சேரும் நாள் வேறொன்று. இந்த மூன்றுக்கும் இடைப்பட்ட நாட்களில் சரக்கு காத்திருக்க ஒரு கூரை தேவைப்பட்டது. ஆழமான துறையில் சரக்கு வண்டியிலிருந்து நேரே கப்பலுக்கு ஏறலாம். ஆழமற்ற துறை கிட்டங்கி இல்லாமல் நடக்காது.

போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் இந்தக் கரைக்கு வந்தனர். டச்சுக் கம்பெனி 1658இல் தூத்துக்குடியைப் பிடித்தது. இடையில் ஆங்கிலேயரிடம் இரண்டு முறை கைமாறி, 1825இல் முழுவதுமாக அவர்கள் வசமானது. கம்பெனிகளின் சரக்கு நிலையங்களைத் தமிழர் பண்டகசாலை என்றனர். பனிமய மாதா பேராலயத்தின் இன்றைய கட்டடம் 1713ஐச் சேர்ந்தது. டச்சுக்காரர்களின் தேவாலயம் 1750ஐச் சேர்ந்தது. வழிபாட்டுக் கட்டடங்கள் நிலைத்து நிற்க, பண்டகசாலைகள் இடிந்து மறுபடி கட்டப்பட்டுக் கொண்டே வந்தன. சரக்குக் கட்டடத்தை யாரும் நினைவுச் சின்னமாகக் கட்டுவதில்லை. வேலை முடிந்தால் அதன் செங்கல் அடுத்த கட்டடத்துக்குப் போய்விடும். உழைத்த கட்டடங்களின் வரலாறு எங்கும் மெலிந்தே கிடைப்பதற்கு இதுவே காரணம்.

கிட்டங்கிகள் பெருகியது 19ஆம் நூற்றாண்டில். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த 1861 முதல் 1865 வரை இங்கிலாந்தின் ஆலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு வராமல் போனபோது, கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் மண்ணில் விளைந்த 'தின்னவேலி' பஞ்சுக்குக் கிராக்கி ஏறியது. 1876இல் ரயில் வந்தது. 1888இல் ஹார்வி நிறுவனத்தாரின் பவள ஆலை எழுந்தது, வ.உ.சிதம்பரம் பிள்ளை முன்னின்ற 1908ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் நடந்தது அந்த ஆலையில்தான். நகரின் முக்கிய வீதி ஒன்று கிரேட் காட்டன் ரோடு என்றே பெயர் பெற்றது.

பஞ்சுக் கிட்டங்கியின் உருவம் அதன் பயங்களால் ஆனது. நீண்ட செவ்வகம், ஓர் ஆளின் கை நீளத்துக்குக் கனத்த செங்கல் சுவர், சன்னல் மிகக் குறைவு, கூரையை ஒட்டிய உயரத்தில் வரிசையாகச் சிறு காற்றுத் துளைகள். சூடான காற்று மேலே ஏறி அந்தத் துளை வழியே வெளியேறும். கைக்கு எட்டும் உயரத்தில் திறப்பு இல்லாததால் திருட்டும் தீப்பொறியும் தடுக்கப்படும். தரை தெருமட்டத்தைவிட உயர்ந்திருக்கும். வண்டியின் அடித்தட்டும் கிட்டங்கியின் வாசல் மேடையும் சமமாக வந்தால் மூட்டையைத் தூக்க வேண்டாம், தள்ளினாலே போதும். கூரையில் இரண்டு வழி. தேக்கு உத்தரங்களை நெருக்கமாகப் பரப்பி, அவற்றின்மேல் சிறு செங்கலை நிமிர்த்திக் குறுக்குச் சாய்வாகச் சுண்ணாம்பில் பதித்து, மேலே தளம் போடுவது மட்டப்பா. பொறியாளர் ஏடுகளில் மெட்ராஸ் டெரஸ். மற்றொன்று பனங்கைச் சட்டத்தின்மேல் ஓடு. முதலில் நாட்டு ஓடு. பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் ஓட்டு ஆலை தொடங்கிய பிறகு மேற்குக் கரையிலிருந்து வந்த மங்களூர் ஓடு.

நெல் இந்தக் கரையில் விளையவில்லை. மீனவர் அரிசியை வாங்கித்தான் உண்டனர். கடலோரக் குடியிருப்பில் குதிர் வைக்கத் தேவை எழவில்லை. ஆனால் களத்துமேட்டில் நெல்லுக்கு நடந்தது இங்கே சிப்பிக்கு நடந்தது. முத்துக்குளிப்புக் காலத்தில் கரையில் பனையோலைக் குடிசைகளால் ஒரு தற்காலிக நகரமே எழும். தோணிகள் மாலையில் கரை சேர்ந்ததும் சிப்பிகளை மூன்று பங்காகக் கொட்டுவார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடைமுறைப்படி இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. அரசின் பங்கு அங்கேயே ஏலம் போகும். வாங்கியவர்கள் சிப்பியை வேலியடைத்த கொட்டுகளில் குவித்து, சதை அழுகும்வரை காத்திருந்து, கழுவி முத்தெடுப்பார்கள். கடலின் விளைச்சலுக்கும் மேல்வாரம், அதாவது அரசின் பங்கு, இருந்தது. அதைப் பிரிக்கும் களமும் இருந்தது. செங்கல் களஞ்சியம் மட்டும் தேவைப்படவில்லை. ஏலம் முடிந்த அன்றே அரசின் பங்கு வெள்ளி நாணயமாகிவிட்டது. இந்தியக் கரையில் பெரிய அளவிலான முத்துக்குளிப்பு 1961ஓடு முடிந்தது.

முத்து போன பின்னும் சிப்பி ஓடு கட்டடத்துக்கு உதவியது. இந்தக் கரைக்கு அருகில் நல்ல கட்டடக் கல் இல்லை. சுவருக்குச் செங்கல், செங்கல்லைப் பிணைக்கச் சுண்ணாம்பு, சுண்ணாம்புக்குக் கிளிஞ்சலும் முருகைக்கல்லும். கடலுக்கடியில் உயிருள்ள பவளப்பூச்சிகள் கட்டிய பாறையே முருகைக்கல். அதைப் பெயர்த்துச் சுவரிலும் வைத்தார்கள், காளவாயில் போட்டுச் சுட்டும் எடுத்தார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தது. பவளம் எடுப்பது இன்று குற்றம். எடுத்த காலத்தில் கரைக்கு அரணாக இருந்த திட்டுகள் பல கரைந்து போயின. அந்த இழப்பின் ஒரு பகுதி நகரத்தின் பழைய சுவர்களுக்குள் இருக்கிறது.

சுட்ட சுண்ணாம்பை நீற்றி, மணலோடு சேர்த்து, மாடு பூட்டிய கல் உருளையால் அரைப்பார்கள். கடுக்காய் ஊறிய நீரும் வெல்ல நீரும் அதில் சேரும். பனங்காடு சூழ்ந்த இந்த வட்டாரத்தில் வெல்லத்துக்குக் கருப்பட்டி இருந்தது. உடன்குடிக் கருப்பட்டியைப் பலகாரத்துக்கு மட்டுமே உரியதாக நினைப்பவர்கள் பழைய கொத்தனார்களிடம் கேட்டறிய வேண்டிய செய்தி இது. இனிப்பு நீர் சாந்தைக் குழைவாக்கி வேலைக்கு இணக்கமாக்குகிறது. கடுக்காயின் துவர்ப்பு பிணைப்பைக் கூட்டுகிறது. கடற்காற்று சுவரில் உப்பை ஏற்றும். ஈரம் காயும்போது அந்த உப்பு படிகமாகிப் பூச்சைப் பொரித்துத் தள்ளும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விட்டுத் தானும் மெல்ல உதிரும், செங்கல் தப்பும். பிற்காலத்தில் பழுது பார்ப்பதாக எண்ணிச் சிமென்ட் பூசிய இடங்களில் ஈரம் உள்ளேயே அடைபட்டுச் செங்கல்லே மாவாகிறது. பழைய கிட்டங்கிகளுக்கு நேர்ந்த பெருந்தீங்கு இந்த நல்லெண்ணப் பழுதுபார்ப்புதான்.

ஆற்றை ஒட்டி மேற்கே திரும்பினால் நிறம் மாறுகிறது. பொருநை கடலில் கலப்பது புன்னைக்காயலில். அதற்குச் சற்று உள்ளே கொற்கை, பாண்டியரின் பழைய முத்துத் துறை. ஆற்று மண் படிந்து படிந்து கடல் விலகிப்போக, இன்று அது வயலும் குளமும் சூழ்ந்த சிற்றூர். 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கே அகழ்ந்தது. கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 785 எனக் கணிக்கப்பட்டது. ஆற்றின் தென்கரையில் உள்ள ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரியா 1899 முதல் 1905 வரை அகழ்ந்தபோது, இறந்தவர்களோடு புதைத்த கலங்களில் நெல் உமி இருந்தது. தானியத்தைக் கலத்தில் சேர்த்து மூடும் பழக்கம் இந்த ஆற்றங்கரையில் அவ்வளவு பழையது.

ஸ்ரீவைகுண்டம் ஆற்றங்கரை நஞ்சையின் வாசல். பொருநையின் கடைசி அணைக்கட்டு இங்கே இருக்கிறது. அதன் வடகால் நீர் தூத்துக்குடியை அடுத்த கோரம்பள்ளம் குளம்வரை போகிறது. கார், பிசானம் என்று இரண்டு போகம். மாசி, பங்குனியில் அறுவடையாகும் பிசான நெல்லுக்கு வெயில் துணை நிற்கிறது. நன்றாகக் காய்ந்த நெல்தான் நெடுநாள் தாங்கும். கைப்பிடி நெல்லில் ஒன்றைப் பல்லில் கடித்து, 'டக்'கென்று உடைந்தால் காய்ந்தது என்று குடியானவர் சொல்வதும், ஈரப்பதம் நூற்றுக்கு 14க்குக் கீழ் இருக்க வேண்டும் என்று இன்றைய சேமிப்பு நூல்கள் சொல்வதும் ஒரே செய்திதான்.

நஞ்சை நிலத்தின் விளைச்சல் களத்திலேயே மேல்வாரம், குடிவாரம் எனப் பிரிந்தது. மேல்வாரம் அரசுக்கோ கோயிலுக்கோ உரியது, குடிவாரம் பயிரிட்டவருக்கு. நாயக்கர் காலத்திலும் ஆற்காட்டு நவாப் காலத்திலும் ஆங்கிலேயக் கம்பெனி ஆட்சியின் தொடக்கத்திலும் அரசின் பங்கு பெருமளவு நெல்லாகவே வந்தது. அரசே நெல்லைப் பங்கிட்டு வாங்கி, காத்து, விலை பார்த்து விற்பதை அமானி என்றனர். அமானி இருந்தவரை அரசுக்குக் களஞ்சியம் கருவூலம் போன்றது. பாஞ்சாலங்குறிச்சிக்கும் கம்பெனிக்கும் பகை முற்றிய கதையில் ஸ்ரீவைகுண்டத்து நெற்களஞ்சியம் வருவது அதனால்தான். கட்டபொம்மனின் தானாபதி சுப்பிரமணிய பிள்ளையின் ஆட்கள் அங்கிருந்த கம்பெனி நெல்லைக் கொள்ளையிட்டதாக வரலாற்று ஏடுகளும் நாட்டுப்புறக் கதைப்பாடல்களும் சொல்கின்றன. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டான். நெல்லைத் தொட்டது வரிப்பணத்தைத் தொட்டதற்குச் சமமாக எண்ணப்பட்ட காலம் அது.

1801இல் ஆட்சி முழுதும் கம்பெனியின் கைக்கு வந்தது. 1820களில் திருநெல்வேலிச் சீமையின் நஞ்சைக்கு ஒழுங்கு என்ற முறை வந்தது. நெல் பங்கை விலையோடு பெருக்கிப் பணமாக வாங்கும் ஏற்பாடு. அதோடு அரசுக்குக் களஞ்சியம் வேண்டாததாயிற்று. நெல்லை விற்றுப் பணமாக்கும் பாடு குடியானவரைச் சேர்ந்தது. காத்து வைக்கும் பாடு வணிகருக்குப் போனது. ஆற்றங்கரையில் அரசின் செங்கல் களஞ்சியம் நிற்காமல் போனதும், கடற்கரையில் பஞ்சுக் கிட்டங்கி எழுந்ததும் ஒரே நூற்றாண்டின் இரண்டு விளைவுகள். வரி எந்த வடிவில் வாங்கப்பட்டதோ, அந்த வடிவத்துக்கே கட்டடமும் எழுந்தது.

வீட்டுச் சேமிப்பு இந்த மாற்றத்தால் அசையவில்லை. கரிசல் ஊர்களில் கம்பும் சோளமும் குலுக்கையில் இருந்தன; மண்ணும் வைக்கோலும் பிசைந்து உறை உறையாக ஏற்றிய உயரக் குடம், மேலே கொட்டி அடியில் ஒரு சிறு துளை வழியாக எடுப்பது. நஞ்சை ஊர்களில் விதைநெல்லை வைக்கோல் புரியால் இறுக்கிச் சுற்றி உருண்டையாகக் கட்டுவார்கள், அது கோட்டை. கோட்டை அளவையின் பெயரும் ஆனது; நெல்லைச் சீமையில் பெரும்பாலும் 21 மரக்கால் ஒரு கோட்டை. நொச்சி இலையும் வேப்பிலையும் பூச்சிக்கு.

செங்கல் களஞ்சியத்தைப் பார்க்க ஏறத்தாழ 350 கிலோமீட்டர் வடக்கே போக வேண்டும். அந்த இடம் தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் இடையில் உள்ள பாபநாசம்; பொருநை அருவியாக இறங்கும் பாபநாசத்துக்கும் இதற்கும் பெயரில் மட்டுமே உறவு. அதை ஒட்டிய திருப்பாலைத்துறை அப்பர் பாடிய தலம். பாலைவனநாதர் கோயிலின் வளாகத்துக்குள் நிற்கிறது நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம். தஞ்சை இரகுநாத நாயக்கர் ஆண்ட 1600–1634 காலத்தைச் சேர்ந்தது என்பது பொதுவான கணிப்பு. உயரம் ஏறத்தாழ 36 அடி. கொள்ளளவு 3,000 கலம். டெல்டாக் கணக்கில் இரண்டு கலம் ஒரு மூட்டை என்றால் 1,500 மூட்டை. இது தமிழ்நாடு அரசின் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம்.

வட்ட வடிவச் சுவர், மேலே குவிந்து கூம்பும் செங்கல் கூரை. தூரத்தில் இருந்து பார்த்தால் ஒரு மாபெரும் குதிர். கட்டியவர்கள் வீட்டுக் குதிரின் உருவத்தைச் செங்கல்லுக்கு மாற்றியிருக்கிறார்கள் என்றே கொள்ளத் தோன்றுகிறது. கூரைக்கு உத்தரமோ ஓடோ இல்லை. சுவரே வளைந்து உள்நோக்கிச் சாய்ந்து உச்சியில் கூடுகிறது. மரம் இல்லாததால் கறையானுக்கும் நெருப்புக்கும் வேலை இல்லை. செங்குத்தான கூம்பில் மழைநீர் தங்காது.

வட்டத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. குவித்த நெல் நீரைப்போலச் சுவரைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. சதுரக் கட்டடத்தில் அந்தத் தள்ளல் சுவரின் நடுவை வயிறுபோலப் புடைக்கச் செய்து, மூலையில் பிளக்கும். வட்டத்தில் எல்லாப் பக்கமும் ஒரே அளவு தள்ளல்; மூலை இல்லை, பிளவு தொடங்க இடம் இல்லை. இழுவிசைக்குச் செங்கல் பலவீனமானது. அதனால்தான் சுவர் கனம். நெல் நீரிலிருந்து வேறுபடும் இடமும் ஒன்று. மணிகள் சுவரோடு உராய்வதால் குவியலின் எடையில் ஒரு பகுதியைச் சுவரே தாங்கிக்கொள்கிறது. உயரம் கூடக் கூட அடித்தளத்தின் அழுத்தம் அதே வேகத்தில் கூடுவதில்லை. ஜெர்மானியப் பொறியாளர் யான்சன் 1895இல் இதைக் கணக்காக எழுதினார். திருப்பாலைத்துறைக் கொத்தனார்கள் அதற்கு இருநூற்றைம்பது ஆண்டுக்கு முன்பே கட்டி முடித்திருந்தார்கள். மூலை இல்லாததன் வேறொரு பயன், எடுக்கும்போது பழைய நெல் ஒதுங்கித் தங்குவதில்லை. அந்துப்பூச்சிக்கும் புகலிடம் குறைவு.

திறப்புகள் கீழ், நடு, மேல் என மூன்று உயரங்களில் உள்ளன. குவியல் ஏற ஏற, கொட்டும் வாசலும் மேலே போகும், எடுப்பது அடியில். முதலில் வந்த நெல் முதலில் வெளியேறும். கரிசல் குலுக்கையின் அடித்துளை செய்யும் அதே வேலை, பல நூறு மடங்கு பெரிதாக.

திருவரங்கம் கோயிலிலும் இதே வகை வட்டச் செங்கல் களஞ்சியங்கள் வரிசையாக நிற்கின்றன. செஞ்சிக் கோட்டையின் களஞ்சியம் வேறு இனம்: நீண்ட அறைகளும் வில்வளைவுக் கூரையும் கனத்த சுவர்களும் கொண்டது, முற்றுகைக் காலத்துக்கென்று எழுப்பியது. மூன்றில் இரண்டு கோயிலுக்குள் இருப்பது தற்செயல் அல்ல. அரசு பணத்துக்கு மாறிய பின்னும் கோயிலுக்குத் திருவமுதுக்கு நெல் வேண்டியிருந்தது. கோயில் நிலத்தின் குத்தகை நெல்லாக வந்துகொண்டிருந்தது. வேலை தொடர்ந்ததால் கட்டடம் காக்கப்பட்டது.

கம்பெனியும் ஒருமுறை இந்த உருவத்தை முயன்று பார்த்தது. 1770ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்துக்குப் பின், ஜான் கார்ஸ்டின் என்ற பொறியாளர் பாட்னாவில் கட்டிய கோல்கர் 1786இல் முடிந்தது. 29 மீட்டர் உயரம், அடியில் 3.6 மீட்டர் கனச் சுவர், வெளிப்புறம் சுற்றி ஏறும் 145 படிகள். உச்சித் துளை வழியே தானியம் கொட்ட வேண்டும் என்பது திட்டம். ஆனால் கோல்கர் முழுதாக நிரப்பப்படவே இல்லை.

இன்று காவிரிப் படுகையில் அறுவடைக் காலத்தில் நேரடி கொள்முதல் நிலையங்களின் வாசலில் நெல் மூட்டைகள் திறந்த வெளியில் அடுக்கப்பட்டுத் தார்ப்பாய் போர்த்தப்படுகின்றன. தூத்துக்குடியின் உப்பு அம்பாரத்துக்குப் பனையோலை போலத்தான். உப்பு ஓரளவு மழையைத் தாங்கும், நெல் முளைத்துவிடும். திருப்பாலைத்துறைக் களஞ்சியத்துக்குள் இப்போது நெல் இல்லை.